திருட்டில் சிக்கும் சிறுவர்களை மலையை விட்டுக் கீழே அனுப்பினால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

திரும்பத் திரும்பத் திருட்டில் சிக்கும் சிறுவர்களுக்கு இரக்கமே காட்டக் கூடாது என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் சிலர் எழுதியிருந்தார்கள். வண்டியைப் பறிகொடுத்தவரின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. கூடலூரில் டூவீலர் பட்டறை நடத்துகிறேன். வண்டியைப் பறிகொடுத்தவர்களில் பலர் என் கஸ்டமர்கள்தான். திருட்டில் சிக்கிய ஒரு பையன் இப்போது என்னிடம் வேலை பழகுகிறான்.

2015 சிறார் நீதிச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. அறிவுரை கூறி அனுப்பலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம், சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டு வரை வைக்கலாம். ஒவ்வொருவனுக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் செங்கல்பட்டு சிறப்பு இல்லம் இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். கொழுந்து பறிக்கிற அம்மா கூலியை விட்டுவிட்டு எத்தனை தடவை போய்ப் பார்ப்பார்? அதே செங்கல்பட்டில், விசாரணை முடியும்வரை சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் 2022 கடைசியில் ஒரு சிறுவன் தாக்கப்பட்டு இறந்ததையும், அதன்பின் இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை அரசு நியமித்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

என்னிடம் இருக்கும் பையன் கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து, ஒரு ஸ்குரூ மிஞ்சாமல் பூட்டிவிடுவான். ஆனாலும் ஊரில் எந்த வண்டி காணாமல் போனாலும் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். ஆரம்பத்தில் அவன் கையில் சாவி கொடுக்கவே ஆட்கள் தயங்கினார்கள். பழைய வழக்கு எதிர்கால வேலைக்குத் தடையாகக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, ஊர் கேட்பதில்லை. கூட்டாளிகள் மறுபடி வந்து கூப்பிடுவது இந்த நேரத்தில்தான். அப்போது அவன் பக்கத்தில் நிற்க யாராவது வேண்டும்.

நன்னடத்தை அலுவலர் மாதத்தில் ஓரிரு நாளாவது கூடலூர், பந்தலூர், கோத்தகிரி போன்ற ஊர்களுக்கே வந்து உட்கார வேண்டும். ஐடிஐ வெல்டர் பிரிவுக்கு எட்டாம் வகுப்பு போதும். டிசி வாங்காமல் பள்ளியை விட்டு நின்ற பையனை அங்கே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட ஆள்தான் இல்லை. படிக்கும் காலத்தில் கையில் கொஞ்சம் பணமும் வேண்டும், வெறும் வயிற்றோடு எவனும் தொழில் பழக மாட்டான்.

பட்டறை, பேக்கரி, ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களில் இந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் எங்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒரு கூட்டம் போட்டுக் கூப்பிட்டால் கடையைச் சாத்திவிட்டு வருகிறோம்.

ஒரு மெக்கானிக்,
கூடலூர், நீலகிரி.