கிராண்ட் கால்வாயைக் காட்டாத வெனிஸ் சுற்றுலா

மதிப்பிற்குரிய சுற்றுலா நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கடந்த மே மாதம் உங்கள் ஐரோப்பியப் பயணத்தில் வந்த 42 பேரில் நானும் என் அம்மாவும் அடக்கம். ஒன்பதாம் நாள் வெனிஸில் கிராண்ட் கால்வாயைக் காட்டாமலேயே எங்களைத் திருப்பி அழைத்துவந்தது உங்களுக்குத் தெரியும். உடன் வந்த மேலாளரிடம் படகுத் துறையிலேயே முறையிட்டோம். ஊர் திரும்பியபின் இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்பினேன். அடுத்த ஆண்டுக்கான தள்ளுபடி அறிவிப்புதான் பதிலாக வந்தது. ஆகவே இந்தத் திறந்த மடல்.

வெனிஸுக்குப் பக்கத்து ஊரான பதுவாவின் ஹோட்டலில் காலைப் பொங்கல் நன்றாகவே இருந்தது; அதையும் சொல்லிவிட வேண்டும். சுற்றுலா பஸ்கள் நிற்கும் ட்ரொங்கெட்டோவில் பஸ்ஸை விட்டு இறங்கித் தனிப்படகில் ஏறினோம். அது ஜூடெக்கா கால்வாய் வழியாகச் ஊரின் முக்கியச் சதுக்கமான சான் மார்கோ பக்கம் கொண்டுபோய் இறக்கியது. 2021 வரை பெரிய உல்லாசக் கப்பல்களே போய்வந்த அகலமான நீர்வழி அது. வெனிஸ் என்றதும் எல்லோர் கண்ணிலும் நிற்கிற கிராண்ட் கால்வாய் வேறு. ஊரின் நடுவே வளைந்து வளைந்து நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடுகிறது. தண்ணீரிலிருந்தே எழும்பும் மாளிகைகளும், 1591இல் கட்டி முடித்த ரியால்டோ பாலமும் அங்கேதான் இருக்கின்றன. சலூட்டே தேவாலயத்தருகே அதன் முகத்துவாரத்தை மட்டும் தூரத்தில் கண்டோம்.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்கால்களும் தேய்ந்தவை. பதிவு செய்தபோதே சொன்னேன். "நடை குறைவுதான் சார்" என்றார்கள். கார், ஆட்டோ எதுவும் நுழையாத, நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் கொண்ட ஊரில்! இரண்டாவது பாலத்தின் படியிலேயே அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கொடி பிடித்தவர் முன்னே போக, குழுவும் கூடவே போய்விட்டது. "நீ போய்ப் பார்த்துவிட்டு வா, நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்" என்றார் அம்மா. திருவாரூர்ப் பக்கம் வாய்க்காலோரம் வளர்ந்தவர். தண்ணீர் பார்க்க அவருக்கு விமானம் தேவையில்லை.

அவருக்கு நாற்காலி கிடைத்த ஒரே இடம் கண்ணாடிக் கடை. தீ விபத்துக்கு அஞ்சி 1291இல் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு அனுப்பிய ஊரில், சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு உலை காட்டினீர்கள். இரண்டு நிமிடத்தில் ஒரு கண்ணாடிக் குதிரை செய்தார்கள், மீதி முப்பத்தெட்டு நிமிடமும் விற்பனை. வெனிஸுக்கு நீங்கள் ஒதுக்கியதோ மொத்தம் மூன்று மணி நேரம்!

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அந்த நாற்பது நிமிடத்தைக் கிராண்ட் கால்வாய்க்குக் கொடுங்கள். ஊர் வாசலில் உள்ள பஸ் நிலையமான பியாட்சாலே ரோமாவில் 1ஆம் எண் நீர்ப்பேருந்து புறப்படுகிறது. டிக்கெட் 9.50 யூரோ. கால்வாய் முழுவதையும் காட்டி, ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் சான் மார்கோவில் இறக்கிவிடும். முழங்கால் தேய்ந்தவர்களும் உட்கார்ந்தபடியே ஊரைப் பார்க்கலாம்.

செலவு என்பீர்களோ? கோண்டோலா என்ற துடுப்புப் படகுக்குத் தலைக்கு 40 யூரோ வாங்கினீர்கள். ஐந்து பேர் ஏறினோம், ஆக 200. பகலில் அரை மணி நேரத்துக்கு அதிகாரபூர்வக் கட்டணம் படகு ஒன்றுக்கு 90 யூரோ. துறையில் பலகையே வைத்திருக்கிறார்கள். மீதி 110 யூரோவில் பதினொரு பேரை நீர்ப்பேருந்தில் ஏற்றியிருக்கலாம். கணக்கில் நாங்கள் அவ்வளவு மோசமில்லை.

வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் மறையும் பகல் விருந்தாளிகளிடம் வெனிஸ் நகரமே 2024 முதல் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. இரவு தங்குவோருக்கு அது இல்லை. ஐந்து நாடு, பன்னிரண்டு ஊர் என்று விளம்பரம் செய்கிறீர்களே, அதில் எத்தனை ஊரில் நாங்கள் இருந்தோம், எத்தனை ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்? "கழிவறை இங்கே மட்டும்தான், பத்து நிமிடம்" என்ற குரல்தான் பல நகரங்களைப் பற்றி எனக்கு நினைவிருப்பது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டேன். தயவுசெய்து பயணத் திட்டத்தில் கிராண்ட் கால்வாயைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலப் படிகளைப் பற்றிப் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். என் சித்தி அடுத்த மே மாதக் குழுவுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார். அவருக்கும் முழங்கால் வலி. திருத்திய திட்டத்தை இம்மாத இறுதிக்குள் அவருக்கு அனுப்பிவைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
42 பேரில் ஒருவன்