கிளிமஞ்சாரோவுக்கு ஐந்து நாள் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கயிறு வேண்டாம், பனிக்கோடரி வேண்டாம், நடக்கத் தெரிந்தால் போதும், ஐந்தே நாளில் ஆப்பிரிக்காவின் உச்சியில் நிற்கலாம் என்று கிளிமஞ்சாரோ பயண விளம்பரங்கள் சொல்கின்றன. கயிறு பற்றிச் சொல்வது சரிதான். வழக்கமான பாதைகளில் அது தேவைப்படாது. ஆபத்து அந்த ஐந்து நாளில்தான் இருக்கிறது.

ஐந்து நாளில் ஏறி இறங்கும் மராங்கு பாதையில் முதல் இரவு மண்டாரா குடில், 2,720 மீட்டர். அடுத்த இரவு ஹொரொம்போ, 3,720. மூன்றாம் இரவு கிபோ குடில், 4,720. அன்று நள்ளிரவே எழுந்து, மலையின் உச்சியான 5,895 மீட்டர் உஹுரு சிகரத்துக்குக் கிளம்ப வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. இங்கே தினமும் ஆயிரம் கூடுகிறது. உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். தலைவலி, குமட்டலில் தொடங்குவது மூளை வீக்கத்திலோ நுரையீரலில் நீர் கோப்பதிலோ முடியலாம். மாரத்தான் ஓடுபவருக்கும் இதில் விலக்கு இல்லை. தெம்பு இருக்கிறதே என்று விறுவிறுவென ஏறுபவர் சீக்கிரம் மாட்டிக்கொள்வார்.

எட்டு நாள் லெமோஷோ பாதையில் மேற்கிலிருந்து ஷிரா பீடபூமியைக் கடந்து, பகலில் சுமார் 4,600 மீட்டரில் உள்ள லாவா டவர் வரை ஏறி, இரவுக்கு 4,000 மீட்டருக்குக் கீழே பராங்கோ முகாமுக்கு இறங்கிவிடுவார்கள். உடம்பு பழகுவது இப்படித்தான். மராங்குதான் என்று முடிவானால் ஹொரொம்போவில் இன்னும் ஓர் இரவாவது தங்குங்கள். பூங்காக் கட்டணம் நாள் கணக்கில் என்பதால் செலவு கூடும்; மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

இந்த உயரக் கோளாறைத் தடுக்க டயமாக்ஸ் (அசெட்டசோலமைடு) மாத்திரை உதவும். ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்கி, 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை என்பது வழக்கமான அளவு. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. விரல் நுனி மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அந்த மாத்திரையால்தான், பயம் வேண்டாம். ஆனால் ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் ஒருவர் தள்ளாடுகிறார் என்றாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது என்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும்.

கிளிமஞ்சாரோவின் உச்சி அமைந்த கிபோ கூம்பு ஓர் உறங்கும் எரிமலை. அதன் மேல்சரிவு முழுக்கச் சாம்பலும் சரளையும். நள்ளிரவில் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்: இரவில் சரளை உறைந்து இறுகியிருக்கும், வெயில் ஏறியதும் ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். உச்சியில் குளிர் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே போகலாம். முதுகுப்பையில் வரும் தண்ணீர்க் குழாய்தான் முதலில் உறையும். அகல வாய்ப் புட்டியில் வெந்நீர் ஊற்றி, கம்பளிக் காலுறைக்குள் தலைகீழாகச் செருகி வையுங்கள். பனிக்கட்டி மேற்பரப்பில்தான் கட்டும் என்பதால் மூடிப்பக்கம் உறையாமல் இருக்கும். தலைவிளக்கின் மாற்று பேட்டரி சட்டையின் உள்பையில் இருக்கட்டும். உடம்பை ஒட்டிப் பருத்தி கூடாது. வியர்வையில் நனைந்தால் காயவே காயாது. இறங்கும்போது பூட்ஸ் முனையில் இடித்துக் கட்டைவிரல் நகம் கறுத்துப்போகும். முந்தின நாளே நகத்தை ஒட்ட வெட்டி, கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்கிக் கட்டினால் தப்பலாம்.

வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி இல்லை. ஆகவே பணம் கட்டும் முன்பே நிறுவனத்திடம் கேளுங்கள்: ஆக்சிஜன் சிலிண்டர் கூடவே வருமா, ஒருவருக்கு முடியாமல் போனால் அவரை இறக்கிவர இரண்டாவது வழிகாட்டி உண்டா, சுமைதூக்குவோரின் சுமை 20 கிலோ வரம்புக்குள் எடைபோடப்படுகிறதா, அவர்களுக்குச் சாப்பாடும் கூடாரமும் ஒழுங்காகக் கிடைக்கிறதா.

நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய பயணக் கட்டுரைகளையும் விளம்பரங்களையும் வெளியிடும்போது, ஒவ்வொரு இரவும் தங்கும் இடத்தின் உயரத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்