"விருப்பமில்லை" என்று எழுதுமுன்: சுகாதார அதிகாரிகளுக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, கல்முனைப் பிராந்தியங்களின் சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும் அங்குள்ள எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகங்களில் கடமையாற்றும் அனைவருக்கும் வணக்கம்.

டொக்டர்மார் ஏ.டி.எச்.டி. என்று சொல்வதும் ஊர் 'குழப்படி' என்று சொல்வதும் ஒன்றைத்தான். கவனம் நிற்காத, உடம்பு ஒரு இடத்தில் இருக்காத அப்படி ஒரு மகனை வளர்க்கிறவள் நான். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தடுப்பூசி தவறிப்போனால், "தாய் தகப்பனுக்கு விருப்பமில்லை" என்ற ஒரே காரணம்தான் பேச்சில் அடிபடுகிறது. அதைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

எனக்குத் தெரிந்த தாய்மாரில் ஊசியே வேண்டாம் என்று நிற்பவர்கள் மிகக் குறைவு. பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி., பிறகு 2, 4, 6 மாதம், 9 மாதம், ஒரு வயது என்று ஒன்று விடாமல் ஏற்றியவர்கள். கிளினிக் கொப்பியைத் திறந்தால் முன்பக்கங்கள் நிறைந்திருக்கும். வெறும் கட்டங்கள் தொடங்குவது பெரும்பாலும் பிள்ளை ஓடத் தொடங்கிய பிறகுதான்.

ஓடுகிற பிள்ளையோடு கிளினிக்குக்கு வருவது எப்படி என்று சொல்கிறேன். காலையில் நம்பர் எடுத்துவிட்டு வாங்கில் இருக்க வேண்டும். பத்து நிமிடம் போகவில்லை, மகன் நிறை பார்க்கும் தராசில் தொங்குவான். மின்விசிறியின் சுவிட்சைப் போட்டுப் போட்டு நிறுத்துவான். பக்கத்துத் தாயின் குடையைத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்குப் போய்விடுவான். "ரெண்டு அடி போட்டாச் சரி மனே" என்று ஒரு கிழவி புத்தி சொல்லுவார். "இது கிளினிக், மைதானம் இல்ல, பிடிச்சு வைங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். ஊசி போட்ட பிறகும் வீட்டுக்குப் போக முடியாது. ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்க்கக் கொஞ்ச நேரம் இருத்தி வைப்பீர்கள். அது தேவைதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கைவலியோடும் கோபத்தோடும் இருக்கிறவனை அதே வாங்கில், அத்தனை கண்களுக்கு முன்னால் இருத்தி வைப்பது எங்கள் பாடு. அடுத்த திகதி நெருங்கும்போது தாய்க்கு வயிறு கலங்கும். "பிள்ளைக்குத் தடிமன், பிறகு வாறேன்" என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லிவிடுவார். அந்தப் 'பிறகு' வருவதில்லை.

பயம் கிடையாதா என்றால், இருக்கிறது. பிள்ளையில் ஒரு வித்தியாசம் தெரிந்தால் எந்தத் தாயும் பழசைக் கிண்டத்தான் செய்வார். மூன்று வயதில், சின்னமுத்து (தட்டம்மை), கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றையும் தடுக்கிற எம்.எம்.ஆர். இரண்டாவது ஊசி, ஐந்து வயதில் பள்ளிக்கூடம் சேரும் காலத்து ஊசி. இந்தக் குறைபாடு கண்ணில் படுவதும் அந்த வயதுகளை ஒட்டித்தான். ஏனென்றால் அப்போதுதான் முதன்முதலாக ஒரு ரீச்சர் "கதிரையில் இரு" என்று சொல்கிறார். அந்தக் காலத்தில் நடந்ததில் திகதி போட்டு எழுதி வைத்திருப்பது ஊசி ஒன்றைத்தான். பழியும் அதன் மேல் விழுகிறது.

ஆராய்ச்சி சொல்வது வேறு. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், இதில் பரம்பரையின் பங்கு 70 சதவீதத்துக்கு மேல் என்கின்றன. எங்கள் மாமி அதை ஆராய்ச்சி இல்லாமலே சொன்னார்: "இவன்ட அப்பன் மரத்தில இருந்து இறங்கினதே இல்ல." குறைமாதப் பிறப்பும் பிறப்பு நிறைக் குறைவும் ஆபத்தைக் கூட்டும். தடுப்பூசி கூட்டுவதாக ஒரு சான்றும் இல்லை. எம்.எம்.ஆர். ஊசியால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று இன்றும் யூடியூப்பில் சுற்றுகிற கதைக்கு வேர், 1998இல் லான்செட் மருத்துவ இதழில் 12 பிள்ளைகளை மட்டும் வைத்து வந்த ஒரு கட்டுரை. அதுவும் ஆட்டிசத்தைப் பற்றியது, எங்கள் பிள்ளைகளின் பிரச்சினையைப் பற்றியதே அல்ல. 2010இல் இதழே அதை மீளப்பெற்றுக்கொண்டது. எழுதிய அன்ட்ரூ வேக்ஃபீல்டின் பெயரும் அதே ஆண்டு பிரித்தானிய வைத்தியர் பதிவேட்டிலிருந்து வெட்டப்பட்டது. 2019இல் டென்மார்க்கில் 6 லட்சத்து 57 ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்தும் எம்.எம்.ஆருக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. ஊசியில் பாதரசம் என்கிறார்களே, அந்தத் தயோமெர்சல் எம்.எம்.ஆரில் ஒருபோதும் இருந்ததில்லை. அது கலந்த ஊசிகளைப் பெற்ற அமெரிக்கப் பிள்ளைகள் ஆயிரம் பேருக்கு மேல் 7 முதல் 10 வயதில் கவனம், நினைவு, பேச்சு என்று சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். அதிலும் பழி சொல்லும்படி சீரான தொடர்பு எதுவும் தெரியவில்லை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. எங்களுக்கு யார் சொன்னது? ஒரு கிளினிக்கில் நான் வாய் திறந்து கேட்டபோது, "வாட்ஸ்அப்பப் பாத்துட்டு வந்து கேக்காதீங்க" என்பதுதான் பதில். நான் வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். அன்று என் பக்கத்தில் இருந்து அதைக் கேட்ட தாய், தன் கேள்வியை விழுங்கிக்கொண்டு போனார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அவர்களின் தம்பி தங்கைக்கும் ஊசிகள் குறைவாகவே ஏற்றப்படுவதாக 2018இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு காட்டியது. எங்கள் வீடுகளிலும் தங்கச்சியின் கொப்பி அப்படி ஆகிவிடக் கூடாது.

இந்தக் குறைபாட்டுக்குக் கொடுக்கிற மெதில்ஃபெனிடேற் மருந்து குடிக்கிற பிள்ளைக்கு ஊசி போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். போடலாம். இந்த ஒரு சொல்லைச் சொல்ல ஆளில்லை. மண்டூர்ப் பக்கத்திலிருந்து பாதையில் (மிதவைப் படகில்) ஆற்றைக் கடந்து மகனை மனநல கிளினிக்குக்குக் கூட்டி வருகிற தாயிடம் அங்கே ஊசியைப் பற்றிப் பேச்சு எடுப்பதில்லை, எம்.ஓ.எச். கிளினிக்கில் மருந்தைப் பற்றி எடுப்பதில்லை. விழுந்து எழும்பி, தகரத்தில் கை கிழித்து வருகிற பிள்ளைகள் இவர்கள். காயப்படுவது மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. காயத்தால் வருகிற ஏற்புவலியைத் (ரெட்டனஸ்) தடுக்கிற ஏற்பூசி இவர்களுக்குத் தவறலாமா? 2019இல் ஒழித்துவிட்டதாகச் சான்றிதழ் பெற்ற சின்னமுத்து 2023இல் திரும்பி வந்த நாடு இது.

பள்ளிக்கூடத்தில் ஏற்றும் ஊசிகளில் நடப்பது இன்னொரு கூத்து. 2017 முதல் ஆறாம் தரப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி., ஏழாம் தரத்தில் எல்லாருக்கும் ஏற்புவலி ஊசி. பெற்றோருக்கான கடிதம் பிள்ளையின் கையில்தான் வருகிறது. கவனக்குறைபாடு உள்ள பெண்பிள்ளைகள் பலர் ஓடுவதில்லை, சத்தம் போடுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. அப்படி ஒருத்தியின் புத்தகப் பையைத் தவணை முடிவில் அவளின் தாய் கவிழ்த்துக் கொட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். மூடியில்லாத பேனைகள், ஒற்றைச் சொக்ஸ், காய்ந்த பணிஸ் துண்டு, அதற்கடியில் நாலாய் மடித்து மை ஊறிய கடிதம். திகதி எப்போதோ போய்விட்டது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசிக்கான கடிதம் அது. கையெழுத்து வராததைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

நாங்கள் கேட்பதற்குப் பெரிய காசு வேண்டாம். இப்படியான பிள்ளை என்று தெரிந்தால் வந்தவுடன் முன்னால் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் சனம் குறைகிற நேரத்தைச் சொல்லி வரவழையுங்கள். ஊசிக்குப் பிறகு காத்திருக்கிற நேரத்தை, உங்கள் கண்ணுக்கெட்டிய தூரத்தில், வெளியே மரநிழலில் கழிக்க விடுங்கள். இது புது வழக்கமும் இல்லை. 2021 செப்டெம்பரில் 12 முதல் 19 வயதினருக்குக் கொவிட் ஊசி தொடங்கியபோது, நாட்பட்ட நோயும் விசேட தேவையும் உள்ள பிள்ளைகளைத்தானே முதலில் அழைத்தீர்கள்? பள்ளிக்கூடக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வீட்டுக்கு ஒரு கோல் எடுக்கலாம். அப்புறம், தவறிய ஊசியைப் பிந்தியும் போடலாம், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை என்பதையும் சொல்லுங்கள். பிந்திவிட்டது, போனால் ஏச்சு விழும் என்று கொப்பியை அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்த தவணைக்குப் பள்ளிக்கூட ஊசிகள் தொடங்குமுன் ஒருநாள் எங்களில் சிலரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பிள்ளைகளையும் கூட்டி வருவோம். ஒரு மணித்தியாலம் அவர்களோடு இருந்தால் இந்த மடலில் பாதி தேவைப்படாது. மேசையில் இருக்கிற பைல்களை மட்டும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஒரு தாய்