கையை மட்டும் எடுக்கச் சொன்ன அம்மாவுக்கும் துணைநின்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

கடந்த சனிக்கிழமை எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில், வீடிழந்தவர்களைப் பற்றிய என் குறும்படம் ஓடி முடிந்ததும், நன்றி சொல்ல எழுந்த எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இம்மடலில் எழுதுகிறேன். பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எவரது பெயரையும் குறிப்பிடவில்லை.

முதல் நன்றி, கடலோர ஊரான மயிலிட்டியைச் சேர்ந்த அம்மாவுக்கு. 1990 ஆனியில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு, 27 ஆண்டுகள் கழித்து, 2017 ஆடியில் இராணுவத்தின் பிடியிலிருந்த துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபோது தம் வளவைத் தேடிப் போய், எல்லை எதுவென்றே அறிய முடியாமல் திரும்பியவர் அவர். "முகம் வேண்டாம் தம்பி, கையை மட்டும் எடும்" என்றார். பிறகு முற்றத்து மணலில் குந்தியிருந்து, தலைவாசல், சாமியறை, குசினி என்று தம் வீட்டை விரலாற் கீறத் தொடங்கினார். நான் படமெடுத்தது சூப்பர் 8 என்ற சிறுவகைப் படச்சுருளில்; அச்சுருள் ஒன்றின் நீளம் 50 அடி. நொடிக்கு 18 சட்டகம் என்ற வேகத்தில் 3 நிமிடம் 20 நொடியில் அது தீர்ந்துவிடும். அவர் விரல் கிணற்றடிக்குப் போகுமுன் சுருள் முடிந்துவிட்டது. அவரை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒலிப்பதிவு மட்டும் தொடர்ந்தது. இறுதியில் திரை கறுத்துக் கிடக்க, கிணற்றையும் துலாவையும் பற்றி அவர் குரல் சொல்லிக்கொண்டு போவதைப் பலர் நல்ல உத்தி என்று பாராட்டினார்கள். அந்த முடிவு அவர் தந்தது.

கோண்டாவில் பெரியம்மா தமது குசினியை எனக்கு இருட்டறையாக விட்டுத்தந்தார். கோப்பித் தூள், சலவைச் சோடா, விற்றமின் சி மூன்றையும் கரைத்துப் படம் கழுவலாம் என்றபோது அவர் நம்பவில்லை. ஆனாலும் யன்னலுக்குப் போர்வை கட்டினார். முதற்சுருள் என் கவனக்குறைவால் வெளிச்சம் பட்டுப் பழுதானபோது, ஒரு சொல்லும் சொல்லாமல் மறுபடியும் கோப்பித் தூள் வாங்கிவந்தார். விறாந்தைக் கொடியில் காய்ந்த சுருள்களில் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு புள்ளி புள்ளியாய்ப் படிந்திருந்தது. அதை நான் துடைக்கவில்லை.

மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அண்ணை ஒருவர், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, அதே இரைச்சலை எனக்காக எழுப்பிக் காட்டினார். படத்தின் நடுப்பகுதி முழுவதும் நீங்கள் கேட்டது அதுதான்.

"வீட்டை இழந்தது தெரிகிறது, யாரால் இழந்தார்கள் என்பது ஏன் தெரியவில்லை?" என்று அன்று கேட்ட மாணவிக்கும் நன்றி. அவ்வேளை ஏதோ மழுப்பிவிட்டேன்; யோசித்துப் பார்க்கையில் உங்கள் கேள்வியே சரி, தங்கைச்சி. அடுத்த திரையிடலில் 1990, 2017 என்ற ஆண்டுகளும், பொதுமக்கள் நுழையத் தடையான அதியுயர் பாதுகாப்பு வலயத்துக்காக இராணுவம் அந்த நிலத்தை வைத்திருந்தது என்ற வரியும் எழுத்தில் வரும். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "போடும்" என்றார்.

படத்தின் பிரதியொன்றைச் சனசமூக நிலைய அலுமாரியில் வைத்திருக்கிறேன். விரும்பியவர்கள் கேட்டுப் பெற்றுப் பார்க்கலாம்.

நன்றியுடன்,
படத்தை எடுத்தவன்
யாழ்ப்பாணம்