பருவம் தப்பினால் 21 நாள் போச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கால்நடைப் பக்கத்தில் எந்த இனம் எத்தனை லிட்டர் கறக்கும் என்று வாராவாரம் போடுகிறீர்கள், சரி. ஆனால் ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களுக்கு அதற்கு முந்தின கவலை ஒன்று இருக்கிறது, மாடு சினை நிற்குமா நிற்காதா என்பது. கன்று போட்டால்தானே பால்?

எங்கள் மாட்டுக்கு இரண்டாம் ஈற்றுக்கு அப்புறம் மூன்று தடவை சினை ஊசி, அதாவது காளையின் விந்தைக் குழாய் வழியாகச் செலுத்துவது, போட்டும் நிற்கவில்லை. ஊசி சரியில்லை என்று நாங்கள் சொன்னோம், மாடு மலடாகிவிட்டது, தள்ளிவிடுங்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். மாட்டிலும் குறையில்லை, ஊசியிலும் குறையில்லை. அது பருவத்துக்கு, அதாவது சினைக்குத் தயாராகும் நிலைக்கு, வந்தது ராத்திரியில், நாங்கள் கவனித்தது மறுநாள் மதியம், ஊசி போட ஆள் வந்தது அதற்கும் அடுத்த நாள் காலை. பருவ அறிகுறி பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரம்தான் இருக்கும், அது அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கருமுட்டை வெளிவந்துவிடும், அந்த முட்டைக்கும் சில மணி நேரம்தான் உயிர். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல காளையின் விந்தைப் போட்டும் என்ன பயன்? அடுத்த பருவத்துக்கு இன்னும் 21 நாள், அதுவரை தீவனம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

நான்காவது தடவை நாளை எண்ணி வைத்திருந்து, விடியற்காலை நான்கு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். அசை போடாமல் நின்றுகொண்டிருந்தது, வால் ஓரமாகக் கண்ணாடி மாதிரி வழும்பு கயிறாகத் தொங்கியது, பாதி வாலிலேயே ஒட்டிக் காய்ந்திருந்தது. அன்று மாலையே ஊசி போட்டோம், நின்றுவிட்டது. காலையில் கண்டால் மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை, இந்தக் கணக்கை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு மாதம் வீணாகியிருக்காது.

பத்து மாடு அவிழ்த்துவிட்டு மேயும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று தாவுவதைப் பார்த்தே பருவம் தெரிந்துவிடும். தனியாகக் கட்டிக் கிடக்கும் மாட்டுக்கு அந்த அடையாளமே கிடையாது, வழும்பும் கத்தலும் பால் குறைவதும்தான். எருமை பல சமயம் கத்தவும் கத்தாது, அதற்கு இன்னும் கவனம் வேண்டும்.

கன்று போட்ட பசுவையே ஏரில் பூட்டுகிற வீடுகளும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், காளைச் சோடி வைத்துக்கொள்ள எல்லோருக்கும் முடியாது. ஆனால் தின்கிற தீனி முதலில் உயிருக்கும் உழைப்புக்கும் போகும், பிறகு பாலுக்கு, மிச்சம் இருந்தால்தான் பருவம். விலா எலும்பு தெரிகிற மாடு மாதக்கணக்கில் பருவத்துக்கே வராது. உழவு நாளில் ஒரு பிடி தீவனத்தைக் கூட்டிப் போட்டு, தாது உப்பும் கொடுத்தால் அந்த மாடும் தேறும்.

ஆசிரியரிடம் கேட்பது இதுதான். பருவ வழும்பு எப்படி இருக்கும் என்று ஒரு படம், கன்று ஈன்ற தேதியையும் பருவம் கண்ட தேதியையும் குறித்து வைக்க ஒரு கட்டம், இரண்டையும் வெட்டித் தொழுவத்தில் ஒட்டுகிற அளவுக்குப் பெரிதாக ஒரு வாரம் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் மாடு பருவத்துக்கு வரும் என்பதைச் சினை ஊசி போடுகிற துறைக்கும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் ஒரு வாசகர்