அக்காவுக்கு, எருசலேமிலிருந்து

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

காட்டாத்துறைக்காரரிடம் நீ கொடுத்தனுப்பிய கடிதமும் நேந்திரங்காய் சிப்ஸும் பத்திரமாக வந்து சேர்ந்தன. தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று முதலில் விளங்கவில்லை. படித்த பிறகுதான் புரிந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அம்மாவைப் பற்றி என்ன பேச முடியும்? அதனால் நானும் பேப்பரிலேயே எழுதுகிறேன். கருங்கல் பையன் அடுத்த வாரம் லீவில் வருகிறான், அவன் கையில் தருவேன். படித்துவிட்டு அம்மா கண்ணில் படாமல் வை.

நான் சுகம். இங்கே மழையும் குளிரும் சேர்ந்துதான் வரும். கோடை முழுக்க ஒரு சொட்டு மழை கிடையாது, ஜனவரியில் விடாமல் கொட்டுகிறது. மேலவீட்டு அத்தை ஒட்டகப் படத்தைப் பார்த்துவிட்டு "அங்கே வெயில் எரிக்குமே" என்கிறாளாம். எருசலேம் ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்து மலை ஊர் என்று அவளிடம் சொல். வீடெல்லாம் கல், குளிர் அந்தக் கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. போன வருஷத்துக் கோட்டே நன்றாக இருப்பதால் புதிது வாங்கவில்லை. சைரன் அடித்தால் கீழே நிலவறை இருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிற இந்த வீட்டுத் தாத்தா சாபாவைத் தூக்கிக்கொண்டு படி இறங்க எனக்குப் பழகிவிட்டது. இதை அம்மாவிடம் சொல்லாதே.

கீழ்வீட்டு பாக்தாத் பாட்டி இன்னும் அப்படியேதான். இந்தியன் என்றால் ஹிந்தி தெரிந்திருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நம்புகிறாள். அவளுடைய பெரியம்மா ஒருத்தி பம்பாயில் வாழ்ந்தவளாம். படியில் என்னைப் பார்த்தால் நான்கு ஹிந்தி வார்த்தை சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பாள். நான் தமிழில் ஏதாவது சொல்வேன், அவளுக்கும் திருப்தி. ஆனால் அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பஸ்கா பண்டிகை ஏழு நாளும் எங்கள் வீட்டில் அரிசி கூடாது. ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் வழக்கம் அது. பாக்தாத்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை. அந்த வாரம் அவள் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டு ஒரு தட்டுச் சோறு போட்டாள். கோழிக்குள் அரிசி அடைத்து வெள்ளி சாயங்காலம் அடுப்பில் வைத்து மறுநாள் மதியம் வரை வேகவிடுகிற சமையல் ஒன்றும் அவர்களுக்கு உண்டு. அந்த வாசனைக்கு எவனும் யூதனாகிவிடுவான்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெபிக்க முழங்கால் போட்டதும் கர்த்தரைப் பற்றிக் கெட்ட வார்த்தை வருகிறது, எழுந்துபோய் வாயைக் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறாள், மன்னிப்பில்லாத பாவம் செய்துவிட்டேன் என்று அழுகிறாள், அப்பா போனதிலிருந்து திருவிருந்துக்கும் போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். கடிதத்தைப் படித்துவிட்டு நேராகப் பக்கத்து அறைக்குப் போய்ச் சாபாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏனென்றால் அக்கா, இவருக்கும் இதேதான்.

சாபாவைப் பற்றி இதை நான் உங்களிடம் சொன்னதில்லை. ஒருவருடைய ஜெபத்தைப் பற்றி வெளியே பேசுவது மரியாதையில்லை என்று விட்டிருந்தேன். இப்போது அவரிடமே கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "உன் அம்மாவுக்கு என்றால் எழுது, ஆனால் கணக்கைச் சரியாக எழுது" என்றார். லண்டனில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் அல்லவா, வருஷம் சொல்லாமல் எதையும் சொல்ல மாட்டார்.

இவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை ஜெபம். ஒவ்வொன்றிலும் நடுநாயகமாக ஒன்று உண்டு, கால்களைச் சேர்த்து நின்றபடி முணுமுணுவென்று சொல்வது. "பதினெட்டு" என்று அதற்குப் பெயர். எண்ணினால் 19 ஆசீர்வாதங்கள் இருக்கும். பிற்பாடு ஒன்று சேர்ந்துகொண்டதாம். பெயரை யாரும் மாற்றவில்லை, அது சாபாவுக்குப் பெரிய மனக்குறை. மற்றவர்கள் பத்து நிமிஷத்துக்குள் முடித்துவிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாபாவின் காலை ஜெபம் முடிய மதியம் ஆகிவிடும். கையிலும் நெற்றியிலும் தோல்வாரோடு அந்தக் கறுப்புப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கஞ்சி ஆறிப்போகும், மாத்திரை நேரம் தப்பிப்போகும். என்ன ஒரு பக்தி என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அந்தக் குளிரிலும் அவர் கழுத்து வேர்த்திருந்தது.

உபாகமம் 6-ம் அதிகாரத்தில் "இஸ்ரவேலே, கேள்" என்ற வசனம் அம்மாவுக்கு மனப்பாடம். இவர்கள் காலையும் மாலையும் அதை வலது கையால் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் சாபாவின் மனசில் அசிங்கம் வரும். தேவனைத் திட்டுகிற வார்த்தை, விக்கிரகத்துக்கு முன்னால் தானே விழுகிற மாதிரி ஒரு படம், எழுத முடியாதவை வேறு. உடனே அந்த வசனம் கெட்டுவிட்டது என்று தோன்றும். மறுபடி சொல்வார், மறுபடி வரும். எந்த இடத்தில் வந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறாரோ, அந்த இடத்தில்தான் வரும். அம்மாவுக்குக் கர்த்தருடைய நாமத்தில் வருகிறது என்றாயே, வேறெங்கே வரும்? சமைக்கும்போதோ ரேஷன் கடை வரிசையிலோ வருவதாக நீ எழுதவே இல்லை, பார்.

சாபாவின் மகள் முதலில் கூட்டிக்கொண்டு போனது அவர்களுடைய மதகுருவிடம், ரப்பி என்பார்கள். அவர் அதட்டவும் இல்லை, அதிகமாக ஜெபிக்கச் சொல்லவும் இல்லை. ஒரு தரம்தான் சொல்ல வேண்டும், மனசில் என்ன ஓடினாலும் சொன்னது சொன்னதுதான், திரும்பச் சொல்ல உங்களுக்கு அனுமதி இல்லை, அதில் பாவம் உண்டென்றால் அது என் கணக்கில் வரட்டும் என்றாராம். அதோடு டாக்டரிடமும் போகச் சொன்னார். இது ஆத்துமாவின் குறை இல்லை, வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வருகிற, ஓ.சி.டி. என்று பெயருள்ள நோய் என்றும் சொன்னாராம். இங்கே பினே பிராக் என்ற ஊரில் யாகோவ் கனியெவ்ஸ்கி என்று ஒரு பெரிய ரப்பி இருந்தார், 1985-இல் மறைந்தவர். இப்படித் தவிக்கிறவர்களுக்கு, திரும்பத் திரும்பச் சொல்வதை நிறுத்தச் சொல்லி அவரே கடிதங்கள் எழுதியிருக்கிறார். ஆக இது இந்த ஊருக்குப் புதிதில்லை.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். மனநல ஆலோசகர் ஒருவர் வாரம் ஒரு தரம் வந்தார். அவர் சொன்னது எனக்கு முதலில் தலைகீழாகப் பட்டது. நினைப்பைத் துரத்தாதே, அதற்கு எதிராக நல்ல நினைப்பைக் கொண்டுவந்து நிறுத்தாதே, மன்னிப்பும் கேட்காதே, வந்தால் இருக்கட்டும், நீ அடுத்த வார்த்தைக்குப் போ. முன்னூறு வருஷமாக எங்கள் ஆட்கள் சண்டை போட்டு வந்து சேர்ந்த இடத்துக்குத்தான் இவர் பீஸ் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறார் என்று சாபா சிரித்தார். 1760-இல் மறைந்த பால் ஷேம் தோவ் என்ற குரு, ஜெபத்தில் வருகிற கெட்ட நினைப்பையும் அதன் வேருக்கு உயர்த்தி மேலே ஏற்றலாம் என்று போதித்தாராம். அவர் வழியில் வந்த ஷ்னேயூர் சல்மான் 1796-இல் அச்சான தன் புத்தகத்தில், அதெல்லாம் பரிசுத்தவான்களுக்கு, சாதாரண ஆளுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டார். ஒருவன் ஜெபம் செய்யும்போது போக்கிரி ஒருத்தன் பக்கத்தில் வந்து வம்புப் பேச்சுப் பேசினால், அவனுக்கு நல்லதும் பதில் சொல்லக் கூடாது, கெட்டதும் பதில் சொல்லக் கூடாது, காது கேளாதவன் மாதிரி ஜெபத்தைத் தொடர வேண்டும், அவ்வளவுதான். அம்மா என்ன செய்கிறாள்? ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் வாயைக் கழுவி அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இதில் என் வேலை ஒரு டீ கப். சாபா ஒரு வரியிலிருந்து பின்னால் திரும்பினால் நான் கப்பை மேஜையில் லேசாகத் தட்ட வேண்டும். முதல் மாதம் என்னை முறைத்தார். ஒரு நாள் அவருடைய பாஷையில் ஏதோ சொன்னார், நல்லவேளை எனக்குப் புரியவில்லை. இப்போது காலை ஜெபம் முடியும்போது கஞ்சி சூடாக இருக்கிறது. நினைப்புகள் நின்றுவிட்டனவா என்று கேட்டேன். "நிற்கவில்லை, மரியாதை குறைந்துவிட்டது" என்றார்.

அவர் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. எருசலேம் தல்மூத் என்கிற பழைய நூலில் பெரிய பெரிய ஞானிகள் தங்கள் ஜெபத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்களாம். ஒருவர் ஜெபத்தின்போது பறவைக் குஞ்சுகளை எண்ணினாராம். இன்னொருவர் சுவரில் செங்கல் வரிசைகளை எண்ணினாராம். வேறொருவர், குனிய வேண்டிய இடம் வந்ததும் தானாகக் குனிந்துவிடுகிற தன் தலைக்கு நன்றி சொன்னாராம், மனசு எங்கோ இருந்தாலும் தலையாவது ஒழுங்காக நடந்துகொள்கிறதே என்று. நமக்கு ஏன் யாரும் இதைச் சொல்லவில்லை அக்கா? நம் கோயிலில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பரலோகத்தில் இருக்கிற மாதிரியே இருப்பார்கள். நான் முழங்கால் போட்டால் வட்டிக் கணக்குத்தான் வருகிறது. அது கிடக்கட்டும்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் இங்கே யாரும் சுவிட்சைத் தொட மாட்டார்கள், போன் எடுக்க மாட்டார்கள். மேஜையில் விளக்கு, எல்லாரும் உட்கார்ந்து பாடுகிறார்கள். பாஷை தெரியாவிட்டாலும் நம் வீட்டு ராத்திரி ஜெபம் ஞாபகத்துக்கு வந்துவிடும். அப்பா எப்போதும் சுருதி தப்பித்தான் ஆரம்பிப்பார், நீ சிரிப்பை அடக்குவாய், அம்மா உன் தொடையில் கிள்ளுவாள். போன வெள்ளி அவர்கள் பாடும்போது நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். மரச்சீனிக்கிழங்கும் சாளைக்கறியும் இருந்திருந்தால் சரியாகப் போயிருக்கும், வேறொன்றும் இல்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது. ஜெபக்கூட்டத்து அக்கா சொல்கிற மூன்று நாள் உபவாசம் வேண்டவே வேண்டாம். சர்க்கரைக்காரியைப் பட்டினி போட்டுவிட்டு அப்புறம் யார் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது? பிசாசு என்ற பேச்சை அம்மா காதில் யாரும் போடாமல் பார்த்துக்கொள். நம் சபை ஐயர் நல்ல மனுஷன். அவரிடம் தனியாகப் பேசி, இந்த ரப்பி சொன்ன மாதிரியே அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல். ஒரு தரம் ஜெபித்தால் போதும், திரும்ப ஆரம்பிக்கக் கூடாது, திருவிருந்துக்கு வரலாம். நீயோ நானோ சொன்னால் அவள் கேட்க மாட்டாள், அங்கி போட்டவர் சொன்னால் கேட்பாள். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் மனநலப் பிரிவு இருக்கிறது, அத்தானோடு சேர்ந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. கூச்சமாக இருந்தால் முதலில் 14416-க்குப் போன் செய்து கேள், அரசாங்கத்து நம்பர், இலவசம். அம்மாவிடம் தூக்கமில்லாததற்கு என்று சொல், அதுவும் உண்மைதானே. இன்னொன்று, "நான் பாவம் செய்யவில்லையே" என்று அவள் கேட்கும்போதெல்லாம் நீ "இல்லம்மா இல்லம்மா" என்று பதில் சொல்லிக்கொண்டே இருக்காதே. சாபாவின் மகளுக்கும் அதைத்தான் நிறுத்தச் சொன்னார்கள். ஆறுதல் சொல்லச் சொல்ல இன்னும் அதிகமாகக் கேட்பார்களாம். கஷ்டம்தான், தெரியும்.

மேலவீட்டு அத்தை கேட்ட யோர்தான் தண்ணீரும் ஒலிவ எண்ணெயும் பையனிடம் வருகின்றன. இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளி வரும், பேங்கில் ஏதோ பேப்பர் வேலை. சின்னவளுடைய பீஸுக்கு மட்டும் சீட்டுப் பணத்தில் எடுத்துக் கொடு, அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்.

வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டதா என்று நீ எழுதவே இல்லை. அது வந்தால்தான் பட்டா மாற்ற முடியும். கருங்கல் சித்தப்பா ரப்பர் தோட்டத்துக்குப் போகிற வழியை இரண்டு சென்ட் தன் பக்கம் இழுக்கிறார் என்கிறாய். அம்மா இப்போது இருக்கிற நிலையில் அவர் எந்தப் பேப்பரை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அதற்கு இடம் கொடுக்காதே. உன் பெயருக்குப் பவர் எழுத டெல் அவீவில் நம் தூதரகத்துக்குப் போக வேண்டும், சாபாவின் மகன் வருகிற நாளில் போய்வருகிறேன். அதுவரை அப்பா நட்ட எல்லைக் கல்லை யாரும் தொடாமல் அத்தானைப் பார்த்துக்கொள்ளச் சொல். அளந்த சர்வேயரின் நம்பர் அப்பாவுடைய பழைய டைரியில் இருக்கும், எல்.ஐ.சி. டைரி, பச்சை அட்டை.

அன்புள்ள தம்பி