பி27 முடிவைச் சொல்லும்போது: கண் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண் மருத்துவர்களுக்கு,

வணக்கம். அடிக்கடி வந்து போகும் யுவைட்டிஸ் எனும் கண் அழற்சியோடு காலம் தள்ளும் நோயாளி நான். எச்.எல்.ஏ.-பி27 எனும் மரபுக்கூறு உடலில் உண்டா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையின் முடிவை எங்கள் கையில் கொடுக்கும் விதம் மாற வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

'பாசிட்டிவ்' என்று அச்சடித்த தாளைப் பார்த்ததும் தீராத நோய் வந்துவிட்டது என்றுதான் மனசு பதறும். அடுத்த கவலை பிள்ளைகளைப் பற்றி. பி27 நோயல்ல, பிறவியிலேயே வருவது. செல்லுக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை எதிர்ப்பணுக்களுக்கு எடுத்துக்காட்டும் மூலக்கூறுகளில் அது ஒரு வகை. கண்ணின் முன்பகுதியில் திடீரென வரும் யுவைட்டிஸோடு அதற்குள்ள தொடர்பு 1973-லேயே தெரிந்துவிட்டது. ஐரோப்பிய வம்சாவளியினரில் இந்த அழற்சி வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பி27 உண்டு. ஆனால் பி27 உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆயுசுக்கும் இந்த அழற்சி வருவதே இல்லை. முன்னதைச் சொல்கிறீர்கள்; பின்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த எச்.எல்.ஏ.-ஏ29 எனும் இன்னொரு வகையின் கதையும் இதேதான். பேர்ட்ஷாட் எனும் அரிய விழித்திரை நோய் உள்ளவர்களில் அநேகமாக எல்லோரிடமும் அது இருக்கும். அதைச் சுமக்கும் லட்சக்கணக்கானோரோ கண்ணில் ஒரு குறையுமின்றி வாழ்கிறார்கள். ஆகவே, நன்றாக இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை தேவையில்லை என்று நீங்களே வாய்விட்டுச் சொன்னால் எத்தனையோ வீடுகளில் நிம்மதி வரும்.

அதற்காகத் தாளை ஃபைலில் போட்டு மூடிவிடவும் வேண்டாம். காலையில் எழுந்ததும் இடுப்பு விறைத்திருக்கிறதா, நடமாடினால் தளர்கிறதா, ஓய்வெடுத்தால் கூடுகிறதா என்று தயவுசெய்து கேளுங்கள். கண் டாக்டரிடம் போய் முதுகுவலியைச் சொல்ல எங்களுக்குத் தோன்றவே தோன்றாது. முதுகெலும்பை இறுக்கும் வாதம் பலருக்கு இந்தச் சிவந்த கண்ணின் வழியாகத்தான் முதன்முதலில் பிடிபடுகிறது. 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி என்றால் வாதநோய் நிபுணரிடம் ஒரு சீட்டு எழுதி அனுப்புங்கள்.

இன்னொன்று. அழற்சி திரும்ப வரலாம், அடுத்த கண்ணிலும் வரலாம். வெளிச்சம் பட்டாலே குத்தி, பார்வை மங்கினால், அதை மெட்ராஸ் ஐ என்று நினைத்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டு நாளைக் கடத்துகிறோம். அதற்குள் கருவிழித் திரை லென்ஸோடு ஒட்டிக்கொண்டு கண்பாப்பா கோணிப்போகிறது. அன்றே வரவேண்டும் என்பதை எங்கள் மொழியில், அரைப் பக்கத்தில் அச்சிட்டு, பரிசோதனை முடிவோடு பின் அடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு யுவைட்டிஸ் நோயாளி